கடித்துப் பார்த்தது

“‘தாக்கியது’ன்னு போட்டுக்கறேன் மேடம். சரிதானே?”

“இல்ல சார்.”

“வேற என்னன்னு போடறது?”

“கடிச்சுப் பாத்துச்சுன்னு போடுங்க.”

கடற்கரைப் பாதுகாப்பு அதிகாரி பேனாவைத் தாளிலிருந்து தூக்கிவிட்டார். பட்டறையில் நாற்காலி இல்லாததால் காலி ரெசின் டப்பா ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவருடைய கறுப்புக் கால்சட்டை முழங்கால் வரை வெள்ளையாகியிருந்தது. உப்புத்தாள் தேய்த்த தூள்; அந்தப் பட்டறைக்குள் வந்தவர் யாரும் தப்பியதில்லை.

சுவர் நெடுக அலையேறும் பலகைகள் சாய்ந்து நின்றன. மூக்கு உடைந்தது, இடுப்பில் விரிசல் விட்டது, பாறையில் மோதி வால் போனது என்று எல்லாம் வைத்தியத்துக்கு வந்தவை. வைத்தியம் பார்ப்பவள் எதிரே ஸ்டூலில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷமாக இதே வேலை. விரல் இடுக்கில் எப்போதும் ரெசின் காய்ந்து ஒட்டியிருக்கும் என்பதால் கரையில் அவளுக்குப் பெயர் பிசின். பிடித்ததை விடமாட்டாள் என்பதால்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. நாற்பத்து மூன்று வயது. தொடையில் முப்பத்தொரு தையல்; பிரித்து இரண்டு நாள் ஆகிறது.

“மேடம், இது அரசாங்கப் படிவம். இதுல இருக்கறது மூணே கட்டம். தாக்குதல், உயிரிழப்பு. தாக்குதல், காயம். தாக்குதல், காயமில்லை.”

“காயமில்லாம எப்படி சார் தாக்கும்? திட்டுமா?”

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர் போலிருந்தார்.

“உங்க தொடையில முப்பத்தொரு தையல் போட்டிருக்காங்க. நீங்க என்ன, சுறாவுக்கு வக்கீலா?”

“வக்கீல் இல்ல சார். சாட்சி. நடந்தப்போ அங்க இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். அது வந்து சொல்லாது.”

“சரி, ‘கடித்தது’ன்னு போடறேன். ‘பாத்துச்சு’ எதுக்கு?”

“கடிக்கறது வேற, கடிச்சுப் பாக்கறது வேற. கடையில மாம்பழத்தைக் கடிச்சுப் பாத்து, புளிச்சா வச்சுட்டு வர்றோமில்ல? அந்த மாதிரி வச்சுட்டுப் போயிடுச்சு. அது தாக்கியிருந்தா நீங்க இப்போ மொதக் கட்டத்துல டிக் அடிச்சுக்கிட்டிருப்பீங்க.”

அதிகாரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, குரலைச் சற்றுத் தணித்து, விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். கடிபட்டவள் கையெழுத்தோடு அந்தத் தாளை அங்கே வைத்தால், திங்கள்கிழமை கடலுக்குள் நாலு இடத்தில் இரை மாட்டிய கொக்கிகள் இறங்கும். எந்தச் சுறா மாட்டினாலும் கொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

“நான் கையெழுத்துப் போடலேன்னா?”

“கடிபட்டவங்க வாக்குமூலம் இல்லாம உத்தரவு போட விதி இடம் கொடுக்காது. அதுக்காகத்தான் உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை, இங்க ஒரு தடவை அலையறேன். ஊர்ல பாதிப் பேர் கொக்கி எப்போன்னு கேக்கறாங்க மேடம்.”

“ஒரு வருஷம் யாரும் இறங்கலேன்னா இந்தப் பட்டறையில நான் என்னத்த ஒட்டறது?”

இதைக் கேட்டாளே தவிர, கேட்க நினைத்தது வேறு. விடிந்ததும் தண்ணீரில் இறங்காமல் ஒரு வருஷம் நான் எப்படி இருப்பது என்று. அதை ரெசின் டப்பாமேல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது.

“கூட்டம் எங்க சார்?” என்றாள்.

“தியேட்டர்ல. ஊர்ல பெரிய இடம் அதுதானே. உங்க அண்ணன்தான் குடுத்தாரு.”

*

அண்ணனுடைய தியேட்டர் கடைத்தெருவின் முனையில் இருந்தது. பிசின் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் கவுண்டரின் வட்ட ஓட்டைக்குப் பின்னால் அண்ணி உட்கார்ந்து, காது குடையும் குச்சியால் கால்குலேட்டரின் பொத்தான்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

“அண்ணி, என்ன இது?”

“எது?”

“வாசல்ல ஒட்டியிருக்கீங்களே, அது.”

வாசலில் ஆள் உயரத்துக்குப் போஸ்டர். பழைய சுறாப் படம் ஒன்று. சுறா வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. அந்த வாய்க்குள், பற்களுக்கு நடுவில், கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிசின். அடியில் சிவப்பு எழுத்தில்: ‘நம் கரையில் நடந்தது. இப்போது திரையில்.’

“உன் போட்டோதான். நல்லா விழுந்திருக்கே.”

“சுறா வாய்க்குள்ள போட்டிருக்கீங்க.”

“வெளிய வச்சுப் பாத்தாங்க. அளவு சரியா வரலயாம்.”

“கேக்காம எடுத்திருக்கீங்க அண்ணி.”

“என்கிட்ட எதுக்குச் சண்டை? நான் ஓட்டைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவ. மேல இருக்காரு, போய்க் கேளு. மெதுவாப் படி ஏறு, புண்ணு விட்டுக்கப் போகுது.”

ஏற வேண்டியிருக்கவில்லை. குரல் கேட்டு அண்ணனே இறங்கி வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது, படம் ஓட்டும் அறையிலேயே பாதி ஆயுள் போனதால் வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்குவார்.

“பாப்பா, வெயில்ல ஏன் வந்தே? சொல்லியனுப்பினா நான் வரமாட்டேனா?”

“அண்ணா, அந்தப் படத்தை நிறுத்து.”

“ஏன்? மூணு நாளா உக்கார இடமில்ல.”

“அதுல சுறா உறுமுது. சுறாவுக்கு உறுமத் தொண்டையே கிடையாது.”

“உறுமாம வந்தா எவன் பயப்படுவான்?”

“உறுமறது சுறா இல்ல, நம்ம இடது பக்கத்து ஸ்பீக்கர்” என்றாள் அண்ணி ஓட்டை வழியாக. “போன வருஷம் அழுகைப் படத்துக்கும் உறுமுச்சு.”

“நீ சும்மா இரு” என்றார் அண்ணன்.

“ஊரைப் பயமுறுத்தத்தான் ஓட்டறியா?” என்று பிசின் கேட்டாள்.

“ஊரை இல்ல. உன்னை.”

 அண்ணன் கண்ணைச் சுருக்கியபடி போஸ்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இருபது வருஷமா வாயால சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. அன்னைக்கு நாலு பேர் உன்னைப் பலகையில படுக்க வச்சுத் தூக்கிட்டு இந்த வாசல் வழியாத்தான் ஓடினாங்க. நான் பூட்டைத் திறந்துக்கிட்டிருந்தேன். ரத்தம் இங்கேருந்து அந்த மருந்துக்கடை வரைக்கும் சொட்டியிருந்துச்சு. பின்னாடியே ஓடி வந்தேன். என்னைப் பாத்து நீ மொதல்ல என்ன கேட்டே தெரியுமா?”

“ஞாபகமில்ல.”

“‘பலகை தப்பிச்சுதா அண்ணா?’ன்னு கேட்டே.”

கவுண்டருக்குள் கால்குலேட்டரைத் துடைக்கும் சத்தம் நின்றது.

“கொக்கி போடட்டும் பாப்பா. கடலை மூடட்டும். நீ சொன்னாக் கேக்க மாட்டே, பூட்டினாத்தான் கேப்பே. ஞாயித்துக்கிழமை கையெழுத்தைப் போடு. அன்னைக்கே போஸ்டரைக் கிழிச்சுடறேன்.”

“போடலேன்னா?”

“இடைவேளையே விடாம ஓட்டுவேன்.”

“ஓட்டு. நானும் வந்து பாக்கறேன். ஓசி டிக்கெட்தானே.”

திரும்பி நடந்தாள். போஸ்டரைத் தாண்டும்போது தன் படத்தை மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. பசை நல்ல பசை. ஒட்டுகிறவளுக்கு அது தெரியும்.

*

சனிக்கிழமை மதியம் பல் டாக்டர் பட்டறைக்கு வந்தார். விடியற்காலையில் அவளோடு அலையேறுகிற பதினோரு பேரில் அவர்தான் வயதில் மூத்தவர். அன்று அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்து, காலையும் பலகையையும் பிணைக்கும் கால்கயிற்றை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டியதும் அவர்தான். நெற்றியில் மாட்டும் சின்ன விளக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“எங்க நம்ம பேஷண்ட்?”

“மூலையில துணி மூடி வச்சிருக்கேன்.”

“ஏன் மூடி வச்சிருக்கே?”

“தூசி படும்.”

“இந்தப் பட்டறையில தூசிக்கா மூடறே? சரி, எடு.”

மேசைமேல் பலகையைக் கவிழ்த்துப் போட்டார்கள். அடிப்பக்கத்தில், இடது ஓரமாக, பிறை போல ஒரு வரிசைப் பல் தடம். விளக்கை எரியவிட்டு டாக்டர் குனிந்தார். வாய் திறக்கச் சொல்லிவிடுவார் போல முகத்தை அவ்வளவு கிட்டே கொண்டுபோனார்.

“ஒரு வரிசை இங்க, இன்னொரு வரிசை உன் தொடையில. பாரு, எல்லாம் நேரா இறங்கி நேரா ஏறியிருக்கு. இழுத்த தடமே இல்ல. சாப்பிடற எண்ணம் இருந்தா தலையை ஆட்டி அறுத்திருக்கும். இது வாயை வச்சுது, எடுத்துது. பலகைக்குள்ள இருக்கற ஃபோம் ருசி பிடிக்கல. உன் ருசியும்தான்.”

“இதை நாளைக்குக் கூட்டத்துல சொல்வீங்களா?”

“சொல்றேன். ஆனா மனுஷப் பல்லுக்குத்தான் எனக்கு லைசென்ஸ். சிரிப்பாங்க.” விரலால் தடத்தைத் தடவிக்கொண்டே போனவர் நிறுத்தினார். “இது என்ன பிசுபிசுன்னு இருக்கு?”

“எது?”

“இங்க. கடிக்கு நட்டநடுவுல. சதுரமா. டேப் உரிச்ச பசை மாதிரி இருக்கு.”

பிசின் பட்டறை வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு மேலே ஒரு தகடு தொங்கியது. அவளே சாயத்தில் எழுதியது: ‘டேப் ஒட்டிய பலகை உள்ளே வரக்கூடாது.’ விரிசல் விட்ட பலகையை முறையாகக் காயவைத்து, தேய்த்து, கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் வைத்து ஒட்ட நாலு நாள் ஆகும். அதுவரை பொறுக்காமல் வெள்ளி டேப்பை ஒட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டு, பிறகு ஃபோம் ஊறிப்போய் வந்து நிற்பவர்களை அவள் வாசலிலேயே நிறுத்தி வைத்து, கேட்கிற பேச்சைக் கேட்க வைப்பாள். டாக்டரும் ஒருமுறை நின்றிருக்கிறார். பல் விளக்காமல் வாசனை மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவனுக்கும் உங்களுக்கும் என்ன டாக்டர் வித்தியாசம் என்று கேட்டாள். 

“பிசின்.”

“ம்.”

“நீயா?”

“அலை அப்படி இருந்துச்சு டாக்டர். மத்தவங்க பலகை பதினாலு வரிசையில நிக்குது. என்னோடத நடுவுல எப்படி எடுக்கறது? ஒரே ஒரு நாளுக்குன்னு ஒட்டினேன்.”

டாக்டர் விளக்கை அணைத்தார். சிரிக்கப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

“கலங்கின தண்ணி. அதுல பளபளன்னு ஒரு துண்டு ஆடிக்கிட்டே போகுது. மீன் வயிறுன்னு நெனச்சிருக்கும்.”

“ஆமா.”

“எப்போ உரிச்சே?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு. யாரும் பாக்கறதுக்கு முந்தி.”

“சொன்னா எவனும் இனிமே உன்கிட்ட பலகை குடுக்க மாட்டான். குடுத்தாலும் அந்தத் தகடைப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் குடுப்பான்.”

“சொல்லலேன்னா?”

“சொல்லலேன்னா, சுறா மனுஷ வாசனைக்கு வந்துச்சுன்னு ஊர் சொல்லும். கொக்கி இறங்கும்.” டாக்டர் விளக்கைப் பெட்டிக்குள் வைத்தார். “நான் சொல்ல மாட்டேன். உன் வாய், உன் பல்.”

*

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. கூட்டத்துக்கு முன்னால் “விழிப்புணர்வுக்காக” படத்தின் கடைசி இருபது நிமிஷத்தை அண்ணன் ஓட்டினார். கதாநாயகி உடைந்த பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதக்கிறாள். முரசு அடிக்கிறது. சுறா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தென்னை உயரத்துக்கு எழும்பி, இடது ஸ்பீக்கரில் மட்டும், சிங்கம் போல உறுமியது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண்குழந்தை அம்மா மடிக்குள் முகத்தைப் புதைத்தாள்.

ஓரத்து இருக்கையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டே சிரித்தார்கள்.

“யாருங்க அது சிரிக்கறது?”

“கடிபட்டவங்கதான்.”

“கடிபட்டவங்களே சிரிச்சா நாம என்னத்துக்குங்க பயந்துக்கிட்டு உக்காந்திருக்கறது?”

விளக்குகள் எரிந்தன. திரைக்கு முன்னால் ஒரு மேசை, அதன் பின்னால் அதிகாரி, மேசைமேல் அந்தத் தாள். அண்ணன் மைக்கோடு நின்றிருந்தார். தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் மைக்கை மட்டும் நீட்டினார்.

பிசின் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி மேலே ஏறினாள். கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில், வெயிலில் வெளுத்த தலைமுடியோடு, அவளிடம் பலகை கொடுக்கிற பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நடந்ததைச் சொல்லிடறேன். முந்தின நாள் மழை. ஆத்துத் தண்ணி வந்து கலந்து கடல் காபி மாதிரி கிடந்துச்சு. அந்தத் தண்ணியில இறங்கக்கூடாதுன்னு புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்வேன். அலை நல்லா இருந்துச்சு, இறங்கினேன். குப்புறப் படுத்துக் கையால தள்ளிட்டுப் போறேன், பலகை ஒரு குலுக்கு குலுங்குச்சு. பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி. நம்ம பல் டாக்டருக்கு அந்தப் பழக்கம் உண்டு, அலைக்குக் காத்துக்கிட்டிருக்கறவங்களைச் சத்தமில்லாம வந்து இழுக்கறது. அவர்தான்னு நெனச்சு, ‘விளையாடாதீங்க டாக்டர்’னு சொன்னேன்.”

தியேட்டர் சிரித்தது. டாக்டர் இருக்கையில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார்.

“திரும்பிப் பாத்தா டாக்டர் இல்ல.”

சிரிப்பு நின்றது.

“உறுமுச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இல்ல. ஒரு சத்தமும் இல்ல. அதோட கண்ணு ஒரு முழத் தூரத்துல இருந்துச்சு. அதுல கோபமெல்லாம் இல்ல. என்னை யாருன்னே அதுக்குத் தெரியல. வாயை எடுத்துச்சு, போயிடுச்சு. ஒண்ணு ரெண்டு எண்ணினா மூணு வந்திருக்காது.”

மூன்றாம் வரிசையிலிருந்து அந்தக் குழந்தையின் அம்மா எழுந்து நின்றாள். மடியில் இருந்தவளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நீங்க சிரிக்கறீங்கம்மா. என் பொண்ணு தினம் அந்தத் தண்ணியிலதான் நீந்தறா. உங்க தொடையில போட்ட கடியை இவ இடுப்புல போட்டா என்ன ஆகும்?”

பிசின் அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.

“செத்துப் போயிடுவா” என்றாள். “இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். பயப்படுங்க. எனக்கும் பயம்தான். தூக்கத்துல காலை இழுத்துக்கறேன். ஆனா அந்தத் தண்ணிக்குப் பயப்படுங்க, இந்த ஸ்பீக்கருக்குப் பயப்படாதீங்க. மழை பேஞ்சு கலங்கினா பொண்ணை இறக்காதீங்க. பளபளன்னு எதையும் போட்டு இறக்காதீங்க.”

“பளபளப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று அதிகாரி கேட்டார்.

கடைசி வரிசையில் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிசின் பலகையைத் திருப்பினாள். பல் தடம் கூட்டத்தைப் பார்த்தது. முன்வரிசைக்காரர்கள் உறிஞ்சிய மூச்சு மைக்கில் கேட்டது.

“இந்தக் கடிக்கு நடுவுல சதுரமா ஒரு கறை தெரியுதா? வெள்ளி டேப் இருந்த இடம். விரிசல் விட்டிருந்துச்சு. ஒட்ட நேரமில்லாம டேப் ஒட்டிட்டு இறங்கினேன். சுறா மீனுன்னு நெனச்சு அதைக் கடிச்சுப் பாத்துச்சு. என் தொடை பக்கத்துல இருந்துச்சு, அதுக்கும் சேர்த்து விழுந்துச்சு. டேப்பை நான்தான் உரிச்சுத் தூரப் போட்டேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு.”

 பிறகு கடைசி வரிசையில் ஒருவன், போன மாதம் டேப் ஒட்டிய பலகையோடு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றவன், மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, அந்தத் தகடு?”

“தொங்கட்டும். எழுதினதுல தப்பில்ல. எழுதினவதான் தப்பு.”

“வாசல்ல நின்னீங்களாக்கா?”

“இப்போ நிக்கறேனே, இது என்ன?”

கடைசி வரிசை முழுக்கச் சிரித்தது. ஏளனம்தான், ஆனால் வீட்டு ஏளனம். அதிகாரி மேசையைத் தட்டினார்.

“இதெல்லாம் சரி. டேப்போ என்னவோ, சுறா கடிச்சிருக்கு. நாளைக்கு வேற ஒருத்தர் ஒட்டிட்டு இறங்கலாம். பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?”

டிக்கெட் கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்து கதவோரம் நின்றிருந்த அண்ணி, கையிலிருந்த சாவிக்கொத்தைக் கதவில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஏங்க, எனக்கொரு சந்தேகம். டேப் ஒட்டினது எங்க நாத்தனார். கொக்கி சுறாவுக்கா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன்தான் கடைசியாகத் திரும்பினார்.

“நீ சும்மா இரு” என்றார். அவளுக்கு நீட்டிப் பிடித்திருந்த மைக் அவர் கையிலேயே இருந்ததால் அது தியேட்டர் முழுக்க, முக்கியமாக இடது பக்கத்தில், உறுமியது. இந்தமுறை மூன்றாம் வரிசைக் குழந்தையே சிரித்துவிட்டாள்.

பிசின் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். அதிகாரி தாளை அவள் பக்கம் தள்ளி இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். அவள் அந்த விரலை நகர்த்தச் சொல்லிக் காத்திருந்து, மூன்று கட்டத்துக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்து, கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினாள். எழுதியதை வாய்விட்டும் படித்தாள்.

“‘கலங்கிய தண்ணீரில் டேப் ஒட்டிய பலகையோடு நான் இறங்கினேன். சுறா கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. விட்டுவிட்டது.’ கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்.”

“இப்படி எழுத இதுல இடமில்ல மேடம்.”

“இருந்துச்சே. எழுதிட்டேன்.”

“இதை வச்சு நான் கொக்கி போட முடியாது.”

“அதுக்குத்தான் எழுதினேன்.”

“கொக்கி போடணும்னு கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“பட்டறைக்கு அனுப்புங்க. உக்கார டப்பா இருக்கு.”

கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் தட்டவில்லை. குழந்தையின் அம்மா தட்டவில்லை, போகும்போது மேடைக்குக் கீழே நின்று, “மழை பேஞ்சா எத்தனை நாளைக்கு?” என்று மட்டும் கேட்டாள். “தண்ணி தெளியற வரைக்கும். என்னைக் கேளுங்க, சொல்றேன்” என்றாள் பிசின். அதிகாரி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மறுநாள் ஆற்று வாயில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டார்கள்: கலங்கல் நாட்களில் இறங்கத் தடை. கொக்கி இறங்கவில்லை.

அண்ணன் மட்டும் பேசவில்லை. மைக்கின் வயரைச் சுற்றிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

*

அவர் பேசாமல் இருந்தது மூன்று வாரம். படத்தை எடுத்துவிட்டார். போஸ்டரைக் கிழிக்கவில்லை, அதன்மேல் வேறு படத்தின் போஸ்டரை ஒட்டினார். பட்டறையில் யாரோ வாசல் தகட்டுக்கு அடியில் கரியால் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள்: ‘உரிமையாளருக்கும் பொருந்தும்.’ பிசின் அதைத் துடைக்கவில்லை. பலகை வரிசையில் இரண்டு குறைந்தது; குறைந்ததில் ஒன்று மறுவாரம் திரும்பி வந்தது. தன் பலகையை அவள் முறைப்படி ஒட்டினாள். காயவைக்க ஒரு நாள், தேய்க்க ஒரு நாள், துணி வைக்க ஒரு நாள், மேல்பூச்சுக்கு ஒரு நாள். பல் தடத்தை மறைக்கவில்லை. அதற்குமேல் கண்ணாடி போல ரெசினை ஊற்றி அப்படியே தெரியும்படி விட்டாள்.

தண்ணீரில் இறங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாள் விடிந்தபோது கடல் தெளிவாக இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து கால்கயிற்றைக் கட்டினாள். விரல் நடுங்கி, முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

“பாப்பா.”

திரும்பினாள். மணலில் அண்ணன் நின்றிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். அந்தக் கரையில் அவரை யாரும் பார்த்ததில்லை. பத்தடி பின்னால் தியேட்டர் நாற்காலி ஒன்றைப் போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

“கை நடுங்குது” என்றார்.

“நடுங்குது.”

“அப்போ ஏன் போறே?”

“நடுங்கினா போகக்கூடாதுன்னு யார் சொன்னா?”

“நான் சொல்றேன். வேண்டாம்.”

“சொல்லு அண்ணா. தினம் வந்து சொல்லு. நான் போவேன்.”

“ஒரு நாளைக்காவது கேட்டியா நான் சொன்னதை?”

“சின்ன வயசுல கேட்டேனே. உன் தியேட்டர் வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கச் சொன்னே. ரெண்டு வருஷம் கிழிச்சேன். அந்த வாசல்லேருந்து கடல் தெரியும், உனக்குத் தெரியுமா? நீ மேல ரூம்ல இருந்தே.”

அண்ணன் திரும்பிக் கடைத்தெருப் பக்கம் பார்த்தார். தன் கட்டடத்தை அந்தப் பக்கத்திலிருந்து அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று முகமே சொன்னது.

“மறுபடி கடிச்சா?” என்றார்.

“மறுபடி வந்து எழுதித் தர்றேன்.”

“விளையாட்டா இருக்கா உனக்கு?”

“இல்ல. அதனாலதான் இப்படிப் பேசறேன்.”

அலை ஒன்று வந்து அவர் கால்களை முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. அவர் பின்வாங்கவில்லை, கால்சட்டை நனைந்ததைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பின்னாலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

“எவ்வளவு நேரம் ஆகும்? பதினோரு மணிக் காட்சிக்கு இந்த நாற்காலி வேணும்.”

பிசின் முடிச்சை மூன்றாவது தடவையாக இறுக்கினாள். இந்தத் தடவை நின்றது. முழங்கால் ஆழத்துக்கு நடந்து, பலகையைத் தண்ணீரில் வைத்து, தடம் பதிந்த ஓரத்தைத் தொடையோடு அணைத்து, குப்புறப் படுத்தாள்.

“தெரியல அண்ணி” என்றாள். “இறங்கிப் பாக்கறேன்.”